ஆறாம் அத்தியாயம்: நத்தார் கேக்கும் ஆவியில் அவித்த புடிங்கும்

வீட்டில் அவண் இல்லை என்பதற்காக இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போக வேண்டாம். இங்கிலாந்துக்காரரின் நத்தார் புடிங் அவணுக்குள் போன பண்டமே அல்ல. அது பானையில் அவிந்தது. வெள்ளவத்தையின் மாடிவீடுகளில் அவண் இல்லாத குசினி உண்டு, இடியப்பச் சட்டி இல்லாத குசினி இல்லை. அந்தச் சட்டி போதும். அவண் உள்ளவர்கள் கொழும்பு நத்தார் கேக்கைச் செய்யலாம். இரண்டுக்கும் அடிப்படை ஊறவைக்கும் பழம்தான். அதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

## எங்கிருந்து வந்தது?

செய்முறைக்குத் தேவையான அளவு வரலாறு மட்டும். இங்கிலாந்தில் இது முதலில் இறைச்சி, தானியம், உலர்பழம், வாசனைத் திரவியம் சேர்த்த கூழாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மாவையும் பழத்தையும் துணியில் முடிந்து கொதிநீரில் போடும் வழக்கம் பரவியது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார் கதையில் வருவது அந்தத் துணிப் புடிங்தான். 1845இல் எலைசா அக்டனின் சமையல் நூலில் ‘கிறிஸ்மஸ் புடிங்’ என்ற பெயரிலேயே ஒரு குறிப்பு வந்தது. அவணில் சுடும் பழக்கேக், புடிங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நத்தாருக்குப் பின் பன்னிரண்டாம் இரவில் வெட்டப்பட்ட அது, 19ஆம் நூற்றாண்டில் நத்தாருக்கே இடம்பெயர்ந்தது.

கொழும்பு 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அவர்களுக்கு முன்பே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே தங்கள் பலகாரங்களை விட்டுப் போயிருந்தார்கள். பறங்கியர் குசினிகளில் எல்லாம் கலந்தது. கோதுமை மாவின் இடத்தில் ரவை வந்தது, பாதாமின் இடத்தில் கஜு வந்தது, பழத்தோடு புகுல் தோசி சேர்ந்தது, மேலே பன்னீர் தெளிக்கப்பட்டது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ இந்தக் குசினி மரபைப் பதிந்து வைத்த நூல். கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெய்ன் சொலமனின் 1976ஆம் ஆண்டு ஆசியச் சமையல் நூல் இந்தக் கேக்கை வெளிநாட்டாருக்கும் அறிமுகம் செய்தது.

இன்னொரு செய்தி எனக்குப் பிடித்தது. 1920களில் பிரித்தானியப் பேரரசின் விளைபொருட்களை விற்பதற்காக ‘எம்பயர் மார்க்கெட்டிங் போர்ட்’ அரச சமையற்காரரின் புடிங் குறிப்பைப் பெற்றுப் பரப்பியது. ஒவ்வொரு சாமானும் பேரரசுக்குள்ளிருந்தே வரவேண்டும் என்பது ஏற்பாடு. அவுஸ்திரேலியாவின் உலர்பழம், ஜமைக்காவின் ரம், சன்சிபாரின் கராம்பு என்று போகும் அந்தப் பட்டியலில் கறுவாவுக்கு எதிரே இலங்கையின் பெயர் இருந்தது. நமக்கு அது புறக்கோட்டையில் கிடைக்கும்.

வரலாறு இவ்வளவு போதும்.

## நாட்கணக்கு

பலர் டிசம்பர் 20ஆம் திகதி சாமான் வாங்கிவிட்டு 23ஆம் திகதி கேக் சுடுகிறார்கள். பிறகு கேக் ‘காய்ந்து போச்சு’ என்கிறார்கள். பழம் ஊறாவிட்டால் அது சுற்றியுள்ள ரவையின் ஈரத்தை உறிஞ்சும். வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆங்கிலிக்கன் வழக்கில் புடிங் கிண்டும் நாள், திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளுக்கு அது கிறிஸ்து அரசர் ஞாயிறு. புனித லூசியாள் பேராலயத்தில் பூசை முடிந்து வந்ததும் பலகையையும் கத்தியையும் எடுத்துவிடுங்கள்.

1. கிறிஸ்து அரசர் ஞாயிறு (நவம்பர் 20 முதல் 26க்குள்): பழம் வெட்டி ஊறவைத்தல்.
2. டிசம்பர் முதல் வாரம்: புடிங் அவித்தல். அதற்கு முதிர நாள் வேண்டும்.
3. டிசம்பர் 10 முதல் 15க்குள்: கேக் சுடுதல்.
4. டிசம்பர் 20க்குப் பிறகு: கேக்கை வெட்டித் தாளில் சுற்றுதல்.
5. டிசம்பர் 25: புடிங்கை மறுபடி அவித்துப் பரிமாறுதல்.

## சாமான் வாங்கும்போது

உலர்பழமும் கஜுவும் மொத்தமாக வாங்கப் புறக்கோட்டைதான். டிசம்பர் பிறந்தால் அங்கே கால் வைக்க இடமிராது. நவம்பரில் ஒரு வேலைநாள் காலையில் போங்கள். வெள்ளவத்தைச் சந்தையிலும் காலி வீதிக் கடைகளிலும் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கலாம். விலை கூட, அலைச்சல் குறைவு.

கஜு. முழுக் கஜுவுக்குக் காசு கொடுக்காதீர்கள், எப்படியும் வெட்டத்தான் போகிறோம். “உடைஞ்ச கஜு இருக்கா அண்ணை?” என்று கேளுங்கள். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சிக்கடித்த ஒரு பிடி கஜு முழுக் கேக்கையும் கெடுக்கும், பிரண்டி அதை மறைக்காது.

பிளம்ஸ், சுல்தானா. விரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். இனித்துக் கரைந்தால் சீனி, கரையாமல் மண் வாடை அடித்தால் பூஞ்சணம்.

ரவை. மெல்லிய ரவை. உப்புமாவுக்கு வாங்கும் பருத்த ரவை கேக்கில் நறநறக்கும்.

கறுவா. இலங்கைக் கறுவா மெல்லிய தாள்போலப் பல சுருளாக இருக்கும், கையால் நொறுங்கும். தடித்த ஒற்றைச் சுருள் வேறு இனம். தூளாக வாங்காமல் பட்டையாக வாங்கி வீட்டில் இடியுங்கள்.

புகுல் தோசி. நீற்றுப் பூசணிக்காயைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்தது. இது இல்லாமல் செய்தால் நல்ல பழக்கேக் கிடைக்கும், கொழும்புக் கேக் கிடைக்காது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டு உலர்பழம் அருமையான காலத்தில் தோசியும் இஞ்சிப்பாகும் இன்னும் முக்கியமாகிவிட்டன.

பட்டர். மாஜரின் வேண்டாம். கையில் காசு இறுக்கம் என்றால் கேக்கின் அளவைப் பாதியாக்குங்கள், பட்டரை மாற்றாதீர்கள்.

## பழம் ஊறவைத்தல்

இந்த அளவு ஒரு கேக்குக்கு. புடிங்கும் செய்வதானால் பிளம்ஸும் சுல்தானாவும் இன்னும் 250 கிராம் வீதமும், பிரண்டி இன்னும் 75 மில்லிலீற்றரும் கூட்டி, அதை வேறு போத்தலில் ஊறவையுங்கள்.

- பிளம்ஸ் 250 கிராம், சுல்தானா 250 கிராம்
- புகுல் தோசி 250 கிராம்
- சௌசௌ பாகு 200 கிராம் (பாகை வடித்த பின் நிறுத்தது)
- இஞ்சிப்பாகுத் துண்டு 100 கிராம், செரி 100 கிராம்
- பாகில் ஊறிய தோடம்பழத் தோல் 50 கிராம்
- பிரண்டி 100 மில்லிலீற்றர்
- தேன் 2 மேசைக்கரண்டி
- கறுவாத்தூள், ஏலக்காய்த்தூள் தலா 1 தேக்கரண்டி. கராம்புத்தூள், சாதிக்காய்த்தூள் தலா ½ தேக்கரண்டி

1. பிளம்ஸையும் சுல்தானாவையும் வெள்ளைத் துணியில் பரப்பிக் காம்பு, கல் பொறுக்குங்கள். கழுவினால் ஒரு பகல் முழுதும் நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு போத்தலுக்குப் போனால் பழம் புளித்துவிடும்.
2. சௌசௌவையும் இஞ்சியையும் வடிதட்டில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். இந்தப் பாகு கலவைக்குள் போனால் கேக்கின் நடு வேகாது. வடிந்த பாகைத் தேநீரில் விடலாம்.
3. எல்லாவற்றையும் கத்தியால் கடலைப்பருப்பின் அளவுக்கு வெட்டுங்கள். கத்தி ஒட்டும்போதெல்லாம் சுடுநீரில் முக்குங்கள். இறைச்சி அரைக்கும் மெஷினிலும் மிக்ஸியிலும் போடுவோர் உண்டு. அரை மணித்தியாலம் மிச்சமாகும், கேக்கோ களியாகிவிடும். கடிக்கும்போது இது தோசி, இது இஞ்சி என்று பல்லுக்குத் தெரிய வேண்டும். நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து வெட்டினால் ஒரு பின்னேரத்தில் முடியும்.
4. பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது.
5. பழம், தேன், வாசனைத்தூள், பிரண்டி சேர்த்துக் கிளறி நிறைத்து இறுக மூடுங்கள்.
6. மூன்று நாளைக்கு ஒரு முறை காய்ந்த மரக்கரண்டியால் அடிமேலாகப் புரட்டுங்கள். ஈரக் கரண்டி போட்டால் அன்றே கெடத் தொடங்கும்.

குறிப்பு: பிரண்டி வேண்டாதவர்களுக்கு. தோடம்பழச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆனால் மதுவின் காவல் அதற்கு இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் மட்டும், அதுவும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். தென்னஞ்சாராயத்தில் ஊறவைப்பவர்களும் உண்டு. சுவைக்குக் குறைவில்லை, மணம் மட்டும் வேறு.

எச்சரிக்கை. பிரண்டிப் போத்தலைத் திறந்தபடி எரியும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஆவிக்கும் தீப்பிடிக்கும்.

## கேக்: முதல் நாள் வேலை

- மெல்லிய ரவை 250 கிராம்
- பட்டர் 250 கிராம்
- கஜு 250 கிராம்

1. ரவையை அரித்து, வெறுந் தாச்சியில் சிறு தீயில் வறுங்கள். மணம் எழும்பியதும் நிறுத்துங்கள். நிறம் மாறவிட்டால் கைக்கும்.
2. அடுப்பை அணைத்து, ரவை இளஞ்சூடாக இருக்கும்போது பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டுப் பிசறுங்கள். மூடி இரவு முழுதும் வெளியே விடுங்கள். ரவை பட்டரை உறிஞ்சி மெதுவாகும். இந்தப் படியை விட்டுவிட்டு நேரே கலக்குபவர்களின் கேக்கில்தான் மணல் கடிபடுவதுபோல இருக்கும்.
3. கஜுவைச் சிறிதாக வெட்டி மூடி வையுங்கள். பொடியாக்க வேண்டாம்.
4. 25 சென்ரிமீற்றர் சதுரமும் 6 சென்ரிமீற்றராவது உயரமும் உள்ள கேக் தட்டை எடுங்கள். அடியிலும் ஓரத்திலும் பழைய பத்திரிகைத் தாள் மூன்று மடிப்பு, அதன் மேல் பட்டர் பூசிய எண்ணெய்த்தாள் இரண்டு மடிப்பு. பத்திரிகைத் தாள் கேக்கின் அடி கருகாமல் காக்கும், ஆனால் அது கேக்கில் படக்கூடாது.

எச்சரிக்கை. தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாளை விளிம்போடு வெட்டிவிடுங்கள். கேஸ் அவணில் நீட்டிய தாள் தீப்பிடிக்கும்.

## கேக்: சுடும் நாள்

- முட்டை 10 (மஞ்சள் கரு பத்து, வெள்ளைக் கரு ஐந்து)
- சீனி 250 கிராம் (அரைத்தது)
- பன்னீர் 2 மேசைக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி
- ஒரு தேசிக்காயின் துருவிய தோல்
- முதல்நாள் தயாரித்த ரவை, கஜு, ஊறிய பழம்

1. ஒவ்வொரு முட்டையையும் முதலில் சிறு கோப்பையில் உடைத்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் பிரித்து வேறு வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பத்தாவது முட்டை கூழாக இருந்தால் முந்திய ஒன்பதும் தப்பும். மிஞ்சும் ஐந்து வெள்ளைக் கரு அடுத்த நாள் காலைப் பொரியலுக்கு.
2. அவணை 140 பாகை செல்சியஸில் மூட்டுங்கள். விசிறி உள்ள அவண் என்றால் 125. அடித்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்.
3. மஞ்சள் கருவையும் சீனியையும் வெளிறித் தடிக்கும்வரை அடியுங்கள். கையால் என்றால் கால் மணித்தியாலம் பிடிக்கும்.
4. பட்டர் ரவையை மூன்று பங்காகச் சேர்த்து அடியுங்கள். பன்னீர், வனிலா, தேசித்தோல் விடுங்கள்.
5. இனி மெஷினை நிறுத்திவிட்டு மரக்கரண்டிக்கு மாறுங்கள். பழத்தைக் கொட்டிக் கிண்டுங்கள். பிறகு கஜு. கலவை கனமாக இருக்கும், வீட்டில் பலசாலி யாரோ அவரைக் கூப்பிடும் நேரம் இது. ஆளுக்கொரு தரம் கிண்டி மனதில் ஒன்றை நினைத்துக்கொள்வது இங்கிலாந்து வழக்கம், கைவலிக்கும் நல்லது.
6. ஐந்து வெள்ளைக் கருவை வேறு பாத்திரத்தில் நுரைத்து நிற்கும்வரை அடித்து, கடைசியாகச் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள். மஞ்சள் கருவோ எண்ணெயோ ஒரு சொட்டுப் பட்டிருந்தால் நுரைக்காது.
7. தட்டில் ஊற்றி மட்டம் செய்து, நடுவை ஒரு விரல் பதிவுக்குத் தாழ்த்துங்கள். வேகும்போது நிரவும்.
8. நடுத்தட்டில் வைத்து 2 முதல் 2½ மணித்தியாலம் சுடுங்கள். முதல் ஒன்றேகால் மணித்தியாலம் கதவைத் திறக்காதீர்கள். மேல் நிறம் கூடினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். சிறிய மேசை அவண்களில் இது கட்டாயம் வேண்டும்.
9. சுத்தமான ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள். மாக் கேக்கில் வருவதுபோல இது துடைத்தெடுத்த மாதிரி வராது. எண்ணெய்ப் பசையோடு பழத்துணுக்கு ஒட்டி வந்தால் வெந்தது. பச்சைக் கலவை வழிந்தால் இன்னும் கால் மணித்தியாலம்.
10. வெளியே எடுத்து, அவணிலிருந்து தள்ளி வைத்து, மேலே 3 மேசைக்கரண்டி பிரண்டியைப் பரவலாக விடுங்கள். தட்டிலேயே இரவு முழுதும் ஆறட்டும்.

பச்சைக் கலவையை நக்கிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். பத்து மஞ்சள் கரு அதில் இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

கரண்ட் நின்றால்: கதவைத் திறக்க வேண்டாம். அரை மணித்தியாலத்துக்குள் வந்தால், நின்ற நேரத்தைக் கூட்டிச் சுடுங்கள். பாதி வேகும் முன்பே நின்று நீடித்தால் வேறு அவண் தேடுவதுதான் வழி.

### பேக்கரியில் கொடுத்துச் சுடுவித்தல்

கலவையைத் தட்டோடு பக்கத்துப் பேக்கரிக்குக் கொடுத்துச் சுடுவிக்கும் வழக்கம் பழையது. இன்றும் சில பேக்கரிகள் இசைகின்றன. ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். பாண் சுடும் சூடு 200 பாகைக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் உங்கள் தட்டுப் போனால் மேலே கரி, உள்ளே கூழ். பாண் எடுத்து முடிந்து அடுப்பு தணிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள், பொறுமையாக இரண்டு தரம் சொல்லுங்கள். தட்டின் வெளிப்புறத்தில் பெயரைக் கீறிவையுங்கள். டிசம்பரில் அங்கே எல்லாத் தட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளைக் கருவைச் சேர்த்த கலவை காத்திருக்காது. ஆகவே கலந்த அரை மணித்தியாலத்துக்குள் அடுப்புக்குள் போகும்படி நேரம் பேசுங்கள்.

## அவண் இல்லாத வீட்டுக்கு: ஆவிப் புடிங்

அசல் குறிப்பில் மாட்டுக் கொழுப்பு வரும். வெள்ளவத்தையில் பலகாரம் மாற்றிக்கொள்ளும் அயல் வீடுகளை நினைத்தாவது அதை விட்டுவிடுங்கள். பட்டர் நன்றாகவே அவியும்.

- பாண் தூள் 150 கிராம் (முந்தாநாள் பாணின் வெள்ளைப் பகுதியை உதிர்த்தது)
- கோதுமை மா 75 கிராம்
- பட்டர் 125 கிராம் (உறைய வைத்துத் துருவியது)
- சிவப்புச் சீனி அல்லது துருவிய கித்துள் கருப்பட்டி 150 கிராம்
- முட்டை 3
- போத்தலில் ஊறிய பிளம்ஸும் சுல்தானாவும் 500 கிராம்
- தோடம்பழத் தோல் துருவல் 1 மேசைக்கரண்டி, கறுவாத்தூள் 1 தேக்கரண்டி, சாதிக்காய்த்தூள் ¼ தேக்கரண்டி

1. முட்டை தவிர எல்லாவற்றையும் கையால் பிசறி, அடித்த முட்டையை விட்டுக் குழையுங்கள். கரண்டியில் எடுத்துத் தட்டினால் பொத்தென்று விழும் பதம். ஓடினால் ஒரு பிடி பாண் தூள் கூட்டுங்கள்.
2. ஒன்றேகால் லீற்றர் பிடிக்கும் சூடு தாங்கும் பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் பட்டர் பூசி, விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே வரை நிரப்புங்கள்.
3. எண்ணெய்த்தாளின் நடுவே ஒரு மடிப்பு விட்டு மூடுங்கள், புடிங் பொங்க அந்த மடிப்பு இடம் கொடுக்கும். அதன் மேல் அலுமினியத் தாள். பருத்தி நூலால் கழுத்தை இறுக்கிக் கட்டி, அதே நூலால் மேலே ஒரு கைபிடி போடுங்கள். கொதிக்கும் பானையிலிருந்து கிண்ணத்தை வெளியே தூக்க அதுதான் உதவும்.
4. ஆழமான இடியப்பச் சட்டியின் தட்டிலோ, பெரிய பானையில் கவிழ்த்த பீங்கான் தட்டின் மேலோ கிண்ணத்தை வையுங்கள். பானை என்றால் கிண்ணத்தின் பாதி உயரத்துக்குக் கொதிநீர்.
5. பானையின் அடியில் ஒரு சில்லறைக் காசு போடுங்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடக்கும். சத்தம் நின்றால் நீர் வற்றப் போகிறது.
6. 5 மணித்தியாலம் மூடி அவியுங்கள். 40 நிமிடத்துக்கு ஒரு முறை கேத்தலில் கொதித்த நீர் விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி நின்று புடிங் இறுகிவிடும்.
7. ஆறியதும் தாளை மாற்றிக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நத்தாரன்று 1½ மணித்தியாலம் மறுபடி அவித்து, தட்டில் கவிழ்த்துங்கள்.

எச்சரிக்கை. மூடியைத் திறக்கும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறவுங்கள். ஐந்து மணித்தியாலம் கேஸ் எரியும் வேலை இது. யன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை விட்டு வெளியே போகாதீர்கள். தொடங்கும் முன் ரெகுலேற்றரிலும் குழாயிலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். 2021 இறுதியில் இலங்கை வீடுகளில் நடந்த கேஸ் வெடிப்புகளை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

புடிங்குக்குள் காசு வைப்பது பழைய இங்கிலாந்து விளையாட்டு. செய்ய வேண்டாம். பல்லும் போகும், பிள்ளைகளுக்குத் தொண்டையிலும் சிக்கும். காசு பானையின் அடியிலேயே இருக்கட்டும்.

### தீ மூட்டிப் பரிமாறுதல்

இது கண்காட்சிதான், சுவைக்கு ஒன்றும் கூட்டாது. ஆசைப்பட்டால் இந்த ஒழுங்கில் மட்டும் செய்யுங்கள்.

1. மின்விசிறியை நிறுத்துங்கள். நமது வீடுகளில் அது எப்போதும் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருப்பதால் இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். யன்னல் திரையை ஒதுக்குங்கள்.
2. சேலைத் தலைப்பைச் செருகுங்கள், கூந்தலை முடியுங்கள். பிள்ளைகள் மேசையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்கட்டும்.
3. 3 மேசைக்கரண்டி பிரண்டியைக் குழிக்கரண்டியில் விட்டு இளஞ்சூடாக்கி, அடுப்பை அணையுங்கள். போத்தலை மூடி வேறு அறையில் வையுங்கள். போத்தலிலிருந்து நேரே ஊற்றினால் தீ போத்தலுக்குள் ஏறும்.
4. நீண்ட தீக்குச்சியால் கரண்டியில் பற்றவைத்துப் புடிங்கின் மேல் ஊற்றுங்கள். நீலத் தீ அரை நிமிடத்தில் தானே அணையும்.
5. பெரிய மூடி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

தொட்டுக்கொள்ள கஸ்ரட் ஊற்றுவது வழக்கம். என் தீர்ப்பு வேறு. கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கித்துள் பாணி கலந்து ஊற்றிப் பாருங்கள். கஸ்ரட்டை மறுபடி கிண்டமாட்டீர்கள்.

## வைத்திருத்தலும் வெட்டுதலும்

கொழும்பின் ஈரக்காற்றில் கேக்குக்கு மூன்று எதிரிகள்: பூஞ்சணம், எறும்பு, வீட்டுக்காரர். முதல் இரண்டுக்கும் வழி உண்டு.

- நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் கேக்கில் சொட்டும், அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும்.
- எண்ணெய்த்தாளில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் டப்பாவை வையுங்கள். எறும்பு நீந்தி வராது.
- கிழமைக்கு ஒரு மேசைக்கரண்டி பிரண்டி மேலே தெளிக்கலாம். அதற்கு மேல் விட்டால் கேக் நொளுக்கும்.
- பிரண்டி இல்லாத கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.
- ஓரிடத்தில் பூஞ்சணம் கண்டால் சுரண்டிவிட்டுச் சாப்பிட முடியாது. முழுவதையும் எறியுங்கள்.

வெட்டும்போது நீளக் கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடைத்து, ஒரே அழுத்தில் இறக்குங்கள். வாள்போல இழுத்தால் கஜு பிய்ந்து ஓரம் உதிரும். 5 சென்ரிமீற்றர் நீளம், 2½ அகலம் என்றால் இந்தத் தட்டில் 50 துண்டு. ஒவ்வொன்றையும் முதலில் எண்ணெய்த்தாளில், பிறகு நிறத்தாளில் சுற்றுங்கள். கலியாணக் கேக் சுற்றும் அதே முறைதான்.

## அயலுக்குக் கொடுக்கும் முன்

நத்தார் காலையில் கொட்டாஞ்சேனையில் தட்டுப் போகாத வீடு குறைவு. தீபாவளிக்கு முறுக்கும் பெருநாளுக்கு வட்டிலப்பமும் வந்த வீடுகளுக்கு இந்தத் துண்டுகள் திரும்பிப் போகும். ஆகவே பிரண்டி விட்டதையும் விடாததையும் வேறு வேறு நிறத்தாளில் சுற்றுங்கள். வேகும்போது மது முழுதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை, ஒரு பகுதி உள்ளேயே நிற்கும். மேலே தெளித்தது அப்படியே இருக்கும். மச்சம் தவிர்ப்பவர்களுக்கு இதில் முட்டை இருப்பதையும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு கஜு இருப்பதையும் தட்டைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாய் வளர்க்கும் வீடென்றால் இன்னும் ஒன்று: பிளம்ஸும் சுல்தானாவும் உலர்ந்த முந்திரிகைப்பழம்தான், அது நாய்க்கு நஞ்சு, ஒரு துண்டுகூடப் போடக் கூடாது.